மே மாதத்து மாம்பழத்துக்கு அக்டோபரில் போட வேண்டிய மனு

2025 மே மாதம் ஒரே வாரத்தில் நான்கு பேர் எனக்கு போன் செய்தார்கள். "அக்கா, எங்க தோட்டத்துக் காயும் வெளிநாடு போகணும், என்ன பண்ணணும்?" நான்கு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். இந்த வருஷம் ஒன்றும் பண்ண முடியாது, அக்டோபரில் கூப்பிடுங்கள். இரண்டு பேருக்குக் கோபம். ஒருத்தர் மட்டும் அக்டோபரில் ஞாபகமாகக் கூப்பிட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்கு கிருஷ்ணகிரி மாவட்டம், சந்தூர் பக்கம். ஒட்டுச்செடி நர்சரிக்குப் பேர்போன ஊர். தோட்டம் நாலரை ஏக்கர். மாமனார் வைத்த மரங்கள்: பெங்களூரா 112, அல்போன்சா 46, செந்தூரா 14, வீட்டுக்கென்று மல்கோவா 3. வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறார். தோட்டம் என் பொறுப்பு. மூன்று சீசனாக ஏற்றுமதிக்குக் காய் கொடுக்க முயற்சி செய்கிறேன். ஒரு வருஷம் திருப்பி விட்டார்கள், ஒரு வருஷம் எடுத்தார்கள், ஒரு வருஷம் பாதி.

முதலில் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். உலகத்தில் விளையும் மாம்பழத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் நம் நாட்டில்தான். வருஷத்துக்கு சுமார் 2 கோடி டன். அதில் பழமாக வெளிநாடு போவது 2023-24இல் 32,000 டன்தான். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதனால் "தோட்டம் முழுக்க ஏற்றுமதி" என்று யாராவது சொன்னால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். நம் தோட்டத்தில் எந்த மரங்கள், அதில் எத்தனை காய் என்பதுதான் பேச்சு.

பூவிலேயே குத்தகைக்கு விடாதீர்கள்

எங்கள் பக்கம் பாதித் தோட்டம் பூ வைத்ததுமே குத்தகைக்குப் போய்விடும். ஜனவரியில் குத்தகைக்காரர் வருவார், மரத்தை அண்ணாந்து பார்ப்பார், ஒரு தொகை சொல்வார், முன்பணம் கொடுப்பார். பெண் கல்யாணம், பையன் காலேஜ் ஃபீஸ் என்று நமக்கும் அந்த நேரத்தில் பணம் வேண்டியிருக்கும். எங்கள் மாமனார் முப்பது வருஷம் அப்படித்தான் விட்டார். நான் குறை சொல்லவில்லை.

ஆனால் குத்தகைக்கு விட்ட நாளிலிருந்து எந்த மருந்து, எப்போது, எத்தனை தரம் என்பதெல்லாம் அவர் கையில். அவருக்கு இந்த சீசன் காய் தப்ப வேண்டும், அவ்வளவுதான். மூன்று வருஷம் அடுத்தடுத்து கல்டார் என்கிற பூக்க வைக்கும் மருந்தை ஊற்றி மரத்தைக் காய்க்க வைத்துவிட்டுப் போன குத்தகைக்காரரை நான் பார்த்திருக்கிறேன். ஏற்றுமதிக்கு வேண்டியதே என்ன அடித்தோம் என்கிற கணக்கு. தோட்டம் முழுவதையும் நிறுத்த முடியாவிட்டால் ஒரு மூலையை மட்டும் பிரியுங்கள். நான் அல்போன்சா 46 மரத்தையும் வைத்துக்கொண்டு முதல் வருஷம் பெங்களூராவைக் குத்தகைக்கே விட்டேன். நடுவில் இரண்டு வரிசை இடைவெளி விட்டேன், அவர் அடிக்கிற மருந்து காற்றில் இந்தப் பக்கம் வராமல் இருக்க. அது போதாது என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கதை கீழே வருகிறது.

பட்டா உங்கள் பேரில் இருக்கிறதா?

சிரிக்காதீர்கள். என்னை ஐந்து மாதம் அலைய விட்டது இதுதான். எங்கள் நிலமும் கொழுந்தனார் நிலமும் சேர்த்து ஒன்பது ஏக்கர், மாமனார் காலத்துக் கூட்டுப் பட்டா. அவரவர் அவரவர் பங்கில் பயிர் செய்கிறோம், சண்டை சச்சரவு கிடையாது. ஆனால் காகிதத்தில் ஒன்பது ஏக்கர் ஒரே நிலம். தமிழ்நாட்டில் சொட்டுநீருக்குச் சிறு குறு விவசாயிக்கு நூறு சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. சிறு விவசாயி என்றால் ஐந்து ஏக்கர் வரை. எங்கள் கூட்டுப் பட்டாவைப் பார்த்துவிட்டு உதவித் தோட்டக்கலை அலுவலர், "அம்மா, இதை வெச்சுக்கிட்டு உங்களுக்குச் சிறு விவசாயி சான்று கிடைக்காது, முதல்ல உட்பிரிவு பண்ணிட்டு வாங்க" என்றார். சொன்னவர் நல்ல மனிதர். சரியாகத்தான் சொன்னார்.

உட்பிரிவுக்கு இ-சேவை மையத்தில் மனு, சர்வேயர் அளவை, கொழுந்தனார் கையெழுத்து, புதுப் பட்டா. ஐந்து மாதம். நாலரை ஏக்கர் எங்கள் பேருக்கு வந்தபின் தாசில்தார் அலுவலகத்தில் சிறு விவசாயி சான்று இரண்டே வாரத்தில் கிடைத்தது. அதனால் வேறு எதையும் தொடங்கும் முன் சிட்டாவை, அதாவது நிலம் யார் பேரில் என்று காட்டும் கணக்கை, எடுத்துப் பாருங்கள். தாத்தா பேர் இருந்தால் வாரிசுச் சான்றிலிருந்து தொடங்க வேண்டும். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலில் 'மா' என்று ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். எங்கள் அடங்கலில் இருபது வருஷமாக ராகி என்று இருந்தது! கிராம நிர்வாக அலுவலர் தோட்டத்துக்கு வந்து பார்த்து மாற்றிக் கொடுத்தார். இப்போது விவசாயி தனி அடையாள எண்ணும் கேட்கிறார்கள், அதையும் கையோடு எடுத்துவிடுங்கள்.

இந்தக் காகிதங்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிப் புத்தக முதல் பக்கம், சிறு விவசாயி சான்று, இரண்டு போட்டோ. எல்லாம் மூன்று நகல். எந்த ஆபீஸ் போனாலும் இதைத்தான் கேட்பார்கள்.

எந்த மானியம் கேட்கலாம்

ஏற்றுமதிக்கென்று தனியாக ஒரு கதவு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். விவசாயிக்கு வருவது பெரும்பாலும் ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கம் வழியாகத்தான். 2014-15இலிருந்து நடக்கிறது, மத்திய அரசும் மாநில அரசும் பங்கு போடும் திட்டம். வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். உழவன் செயலியிலும் முன்பதிவு செய்யலாம். செயலியில் பதிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காமல், பதிவு எண்ணோடு ஒரு நடை நேரில் போய்வாருங்கள். நிதி வந்ததும் முன்னுரிமை வரிசையில்தான் கொடுப்பார்கள்.

மாவுக்கு நான் பயன்படுத்தியது மூன்று. ஒன்று சொட்டுநீர். இரண்டாவது பழைய தோட்டப் புதுப்பிப்பு. முப்பது, நாற்பது வயது மரத்தைக் கவாத்து செய்து, காய்ந்த கிளைகளை எடுத்து, நடுவில் வெளிச்சம் விழத் திறந்துவிடுகிற வேலை. நான் வாங்கியபோது ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் வரை, செலவில் பாதி. தொகை பெரிதில்லை. ஆனால் அந்தக் கவாத்து செய்த பிறகுதான் எங்கள் அல்போன்சாவில் கறுப்புப் புள்ளி குறைந்தது, மருந்தும் உள்கிளை வரை போனது. மாமனார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "கையை வெட்டின மாதிரி வெட்டிப்போட்டியே" என்றார். அடுத்த வருஷம் அவரே மல்கோவாவுக்கும் ஆள் கூப்பிட்டார்.

மூன்றாவது, காயைப் பெட்டியில் அடைக்கிற சிப்பம் கட்டும் அறை. ஒன்பது மீட்டருக்கு ஆறு மீட்டர், நான் கட்டியபோது 4 லட்சம் மதிப்பீட்டில் 2 லட்சம் மானியம். இதில் ஒரு எச்சரிக்கை. பணி ஆணை கைக்கு வரும் முன் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். எங்கள் ஊரில் ஒருவர் நல்ல நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டுவிட்டார். "வேலை தொடங்கின இடம்" என்று எழுதி மனுவைத் திருப்பிவிட்டார்கள். அதோடு மானியம் முடிந்த பிறகுதான் வரும். காலி இடம், அஸ்திவாரம், கூரை என்று ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் இடக்குறியோடு போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள், கடைசியில் வங்கிக் கணக்குக்கு வரும். முழுப் பணத்தையும் நாம்தான் முதலில் போட வேண்டும். தொகைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அதனால் என் கணக்கை வைத்துக் கடன் வாங்காதீர்கள். இந்த வருஷத்துத் தொகையை அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

புதிதாக நடுகிறவர்களுக்கு அடர் நடவுக்கும் மானியம் உண்டு. பழைய முறையில் பத்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரம்தான். ஐந்துக்கு ஐந்தில் 160 வரும். ஆனால் வருஷா வருஷம் கவாத்து செய்ய மனசில்லாதவர்கள் அதில் இறங்கவே கூடாது. ஐந்தாறு வருஷத்தில் காடாகிவிடும்.

தோட்டத்துக்கு ஒரு எண்

அபெடா என்கிற பேரைக் கேட்டிருப்பீர்கள். விவசாயப் பொருள் ஏற்றுமதிக்காக 1986இல் மத்திய அரசு தொடங்கிய ஆணையம். திராட்சை, மாதுளை போல மாவுக்கும் அவர்கள் இணையத்தில் ஒரு பதிவு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். தோட்டத்தை அதில் பதிந்தால் ஒரு எண் கிடைக்கும். நம் பழம் வெளிநாட்டில் ஒரு கடையில் இருக்கும்போது ஏதாவது கோளாறு என்றால், பெட்டியில் இருக்கும் எண்ணைப் பிடித்துக்கொண்டு சந்தூர் வரை வந்துவிடுவார்கள். அதற்குத்தான் அந்த எண்.

நாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டியதில்லை. தோட்டக்கலைத் துறையில் மனு கொடுத்தால் அலுவலர் தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் பதிவார். சர்வே எண், ரகம், மரங்களின் எண்ணிக்கை, வயது, எத்தனை டன் எதிர்பார்ப்பு, எப்போது அறுவடை எல்லாம் கேட்பார்கள். எதிர்பார்ப்பைக் கூட்டிச் சொல்லாதீர்கள். இரண்டு டன் தரும் மரத்துக்கு ஐந்து டன் என்று எழுதினால் பக்கத்துத் தோட்டத்துக் காயை உள்ளே விடப்போகிறோம் என்று நினைப்பார்கள். நினைப்பதும் நியாயம்தான், அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பதிவை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பூ வெளியே வரும் முன், டிசம்பருக்குள், இது முடிந்திருந்தால் நல்லது. நான் அக்டோபர், அக்டோபர் என்று அடித்துக்கொள்வது இதற்குத்தான்.

மருந்து நோட்டு

இப்போது அந்தக் கதை. 2023 சீசன். பதிவு எண் வாங்கியாச்சு, நோட்டு போட்டாச்சு. தேதி, மருந்தின் பேர், எத்தனை லிட்டருக்கு எத்தனை மில்லி, அடித்தவர் யார், அடிக்கக் காரணம் என்ன. ஏற்றுமதிக்காரரின் ஆள் ஏப்ரல் கடைசியில் வந்து மரத்துக்கு மரம் காய் பறித்து சாம்பிள் கொண்டுபோனார். பத்தாவது நாள் போன். குளோர்பைரிஃபாஸ் இருக்கிறது, எடுக்க முடியாது.

நான் அந்த மருந்தை வாங்கவே இல்லை. வீட்டில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், மருந்து அடிக்க வந்த ஆள் முதல் நாள் வேறொரு தோட்டத்தில் அதைத்தான் அடித்திருக்கிறார். டேங்கை ஒழுங்காகக் கழுவவில்லை. அதோடு குத்தகைக்கு விட்ட பெங்களூரா பக்கமும் அதே மருந்து அடித்திருக்கிறார்கள். என் இரண்டு வரிசை இடைவெளி எதற்கும் ஆகவில்லை.

ஐரோப்பாவில் இந்த மருந்துக்கு 2020இலிருந்து வரம்பு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது 100 டன் பழத்தில் 1 கிராம். அந்த அளவில் கழுவாத டேங்க் போதும், காற்றும் போதும்.

அதிலிருந்து நான் செய்வது இதுதான். எனக்கென்று ஒரு ஸ்பிரேயர், வேறு யாருக்கும் இரவல் கிடையாது. (பக்கத்து வீட்டில் இன்னும் அதற்காக முறைக்கிறார்கள்.) பெங்களூராவையும் குத்தகைக்கு விடுவதை நிறுத்திவிட்டேன். மருந்துக் கடையில் "பூச்சிக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்பதே இல்லை. ஏற்றுமதிக்காரர் தரும் பட்டியலில் இருப்பதை மட்டும், ரசீதோடு. கடைசி மருந்துக்கும் அறுவடைக்கும் நடுவில் இருக்க வேண்டிய நாட்களை டப்பாவிலேயே போட்டிருப்பார்கள், அதைக் காலண்டரில் சிவப்பு மையில் குறித்து வைக்கிறேன். காலி டப்பாக்களை எறியாமல் ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன், ஆய்வுக்கு வருகிறவர் நோட்டையும் சாக்கையும் ஒத்துப் பார்ப்பார். தத்துப்பூச்சி வந்து இலையெல்லாம் பிசுபிசுவென்று ஆனால் மனசு கேட்காது, எதையாவது அடிக்கத்தான் தோன்றும். அப்போது பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு இலையையும் பூங்கொத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். வேளாண் பல்கலைக்கழகத்து நிலையம், மாவில் 'பையூர் 1' என்ற ரகமே அங்கே வந்ததுதான். காசு கேட்க மாட்டார்கள்.

ஈயும் வண்டும்

பழ ஈக்குப் பொறி வைக்க வேண்டும். மெத்தில் யூஜினால் தடவிய கட்டை போட்ட டப்பா, ஆண் ஈ அந்த வாசனைக்கு வந்து மாட்டும். அறுவடைக்கு ஒன்றரை மாதம் முன்பே நான் ஏக்கருக்கு 6 கட்டுகிறேன். பொறி மட்டும் கட்டிவிட்டு விழுந்த காயை மரத்தடியிலேயே விட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்த அழுகல் காயிலிருந்துதான் புழு மண்ணுக்குள் இறங்கி அடுத்த ஈயாக வரும். தினமும் காலையில் பொறுக்கி இரண்டடிக் குழியில் போட்டு மூடுங்கள். எங்கள் வீட்டில் இது மாமியார் வேலை. ஒரு நாள் தவறினதில்லை.

கொட்டை வண்டு இன்னும் மோசம். காய் எலுமிச்சை அளவு இருக்கும்போது முட்டை வைத்துவிடும், காயம் ஆறிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அறுத்துக் கொட்டையைப் பிளந்தால் உள்ளே உட்கார்ந்திருக்கும். ஏற்றுமதிக்கு இது பெரிய சிக்கல். சும்மா இருக்கிற மாதங்களில் அது அடிமரத்துப் பட்டை இடுக்கில் ஒளிந்திருக்கும். அதனால் மரத்தின் அடியைச் சுரண்டிச் சுத்தமாக வையுங்கள், பழைய கொட்டைகளைத் தோட்டத்தில் போடாதீர்கள். சிறுவர்கள் தின்றுவிட்டு எறிவதையும் சேர்த்துத்தான்.

காகித உறை போடுவது பழ ஈக்கு ஓரளவு காவல். முட்டை அளவு வந்ததும் போட வேண்டும், காய் பெரிதான பின் போட்டால் நிறம்தான் நன்றாக வரும், பூச்சி ஏற்கனவே உள்ளே இருக்கும்.

எந்த நாடு?

எங்கே அனுப்பப் போகிறார் என்று ஏற்றுமதிக்காரரிடம் டிசம்பரிலேயே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் பழத்தோடு பூச்சி போகாமல் இருக்க ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு வைத்தியம். வளைகுடாவுக்குச் சுலபம், எங்கள் பக்கத்துக் காய் அதிகம் போவதும் அங்கேதான். ஐரோப்பாவுக்கு 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் முக்க வேண்டும். 2014 மே மாதம் பழ ஈ இருந்ததென்று ஐரோப்பா நம் மாம்பழத்துக்குத் தடை போட்டது ஞாபகம் இருக்கலாம். இந்த ஏற்பாடுகளைக் காட்டித்தான் அடுத்த வருஷம் தடையை எடுக்க வைத்தார்கள். ஜப்பானுக்கு நீராவிச் சூடு. அமெரிக்காவுக்குக் கதிர்வீச்சு, குறைந்தது 400 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). அதற்கு ஒப்புதல் பெற்ற நிலையம் ஓசூரைத் தாண்டி மாலூரில் இருக்கிறது. பெட்டியில் அடைத்து ஈ நுழையாதபடி மூடிய பிறகுதான் கதிர்வீச்சு கொடுப்பார்கள், அப்புறம் திறக்கக் கூடாது.

அமெரிக்காவுக்குப் பதினெட்டு வருஷம் கழித்து 2007இல்தான் நம் பழம் மறுபடி போக ஆரம்பித்தது. விலையும் அங்கேதான் கூடுதல். ஆனால் 2025 மே மாதம் மும்பைப் பக்கத்திலிருந்து போன 15 சரக்குகளை, கதிர்வீச்சுப் படிவத்தில் கோளாறு என்று அங்கே விமான நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள். பழத்தில் குற்றமில்லை, காகிதத்தில். திருப்பிக் கொண்டுவரும் செலவு தாங்காது என்று அங்கேயே அழித்தார்கள். அந்த நஷ்டம் ஏற்றுமதிக்காரர் தலையில். அதனால்தான் சொல்கிறேன், நீங்களே நேரடியாக ஏற்றுமதி செய்கிறேன் என்று முதல் வருஷமே கிளம்பாதீர்கள். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு எடுப்பது 500 ரூபாய் வேலை, அபெடா உறுப்பினர் பதிவும் பணம் கட்டினால் ஆகிவிடும். அதற்குப் பிறகு தாவரச் சுகாதாரச் சான்று, விமான இடம், வெளிநாட்டு வியாபாரி பணம் தராமல் போனால் என்ன என்கிற தலைவலி எல்லாம் இருக்கிறது. நாலரை ஏக்கர்காரிக்கு அது தாங்காது.

பறிக்கிற நாளும் பணக் கணக்கும்

காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். முற்றல் பார்க்க ஒரு வாளித் தண்ணீர் போதும், முற்றிய காய் மூழ்கும், பிஞ்சு மிதக்கும். வலை கட்டிய தொரட்டியில் காம்போடு பறித்து, நிழலில் காம்பை ஒரு சென்டிமீட்டருக்கு நறுக்கி, தலைகீழாகச் சட்டத்தில் வைத்துப் பால் வடிய விடுங்கள். பால் தோலில் பட்ட இடம் மறுநாள் கறுத்துவிடும், அந்தக் காயை எடுக்க மாட்டார்கள். மண்ணில் விழுந்த காய் மண்டிக்கு. கல் வைத்துப் பழுக்கவைக்கிற கார்பைடு பேச்சே கூடாது, உள்ளூருக்கே அது தடை.

2024இல் அல்போன்சா 2,000 கிலோ பறித்தோம். அவர்கள் எடுத்தது 800 கிலோ, கிலோ 80 ரூபாய், ஆக 64,000. மிச்சம் 1,200 கிலோ மண்டிக்குப் போனது. நல்ல காயைப் பொறுக்கிய பிறகு மிஞ்சியதை மண்டிக்காரர் கண்டுபிடித்துவிடுவார். "என்னக்கா, மேல்காய் எங்க?" என்றார். கிலோ 30 போட்டார், ஆக 36,000. மொத்தம் ஒரு லட்சம். பொறுக்காமல் அப்படியே மண்டிக்குப் போட்டிருந்தால் கிலோ 40 வந்திருக்கும், 80,000. வித்தியாசம் 20,000. உறைக்கும் அதைப் போட்ட கூலிக்கும் 14,000. கையில் நின்றது 6,000 ரூபாய்.

வீட்டுக்காரர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். நான் ஏன் விடவில்லை என்றால், எடுத்த பங்கு நூற்றுக்கு நாற்பதுதான். அது அறுபதானால் கணக்கே வேறு. கழித்த காயில் பாதிக்கு மேல் பால் கறையும் உரசலும். அது பறிக்கிறவர்களைப் பழக்கினால் சரியாகிற விஷயம். 2025இல் மழை முந்திக்கொண்டதால் பார்க்க முடியவில்லை, முந்தின வருஷம் போனதில் பாதிதான் போனது.

பெங்களூரா வைத்திருப்பவர்களுக்கு

இதுவரை படித்துவிட்டு "எங்ககிட்ட இருக்கிறது எல்லாம் பெங்களூராதானே" என்று நினைத்திருப்பீர்கள். நம் மாவட்டத்தின் ஏற்றுமதி உண்மையில் அதில்தான் இருக்கிறது, கூழாக. 215 கிலோ பையில் அடைத்து இரும்பு டிரம்மில் சவூதி, ஏமன், நெதர்லாந்து என்று போகிறது. ஆனால் நாம் ஆலைக்குக் காய் போடுகிறோம், ஆலை ஏற்றுமதி செய்கிறது, நமக்கும் துறைமுகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

2025 ஜூனில் எங்கள் கைக்கு வந்தது கிலோவுக்கு 5 ரூபாய். பறிகூலியும் வண்டி வாடகையும் போனால் மிச்சமில்லை. பலர் காயை மரத்திலேயே விட்டார்கள். அதே மாதம் ஆந்திராவில் கிலோ 12 ரூபாய் என்று நிர்ணயித்து, அதில் 4 ரூபாயை அரசே கொடுத்தது. சித்தூருக்குள் வெளி மாநில பெங்களூரா வரக்கூடாது என்றும் உத்தரவு போட்டார்கள். கர்நாடகத்துக்கு மத்திய அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் கணக்கில் விலை வித்தியாசம் கொடுக்க ஒப்புக்கொண்டது. இரண்டு பக்கமும் எல்லை ஒரு மணி நேரத் தூரம். 2021இல் மத்திய அரசு சில மாவட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து உதவும் தொகுப்புத் திட்டத்தை மாவுக்கு அறிவித்தபோதும் லக்னோ, கட்ச், மகபூப்நகர் மூன்றைத்தான் எடுத்தார்கள். இது என் வயிற்றெரிச்சல், வழிகாட்டியில் சேராது, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது: இப்படி ஒரு உதவி நம் மாநிலத்துக்கும் வந்தால் அதைக் கொடுக்கக் கேட்கப்போவது பட்டா, அடங்கலில் 'மா', வங்கிக் கணக்கு, காய் போட்ட ரசீது. மண்டியிலும் ஆலையிலும் வெள்ளைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருவதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். உங்கள் பேரும் எடையும் தேதியும் போட்ட ரசீதாகக் கேளுங்கள். ஒரு பங்கு மரங்களை வேறு ரகத்துக்கு மறுஒட்டு செய்வதையும் யோசிக்கலாம். நான் 20 மரம் செய்திருக்கிறேன். காய் பார்க்க மூன்று வருஷம் ஆகும்.

ஊறுகாய், வற்றல், ஜூஸ் என்று சிறிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு மத்திய அரசு 2025-26 வரை என்று அறிவித்த குறுந்தொழில் உணவுப் பதப்படுத்தல் திட்டத்தில் வங்கிக் கடனோடு 35 சதவீத மானியம், 10 லட்சம் வரை. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் சொல்வார்கள். கொஞ்சம் பெரிய குளிர்கிடங்கு, தரம்பிரிக்கும் கூடம் என்றால் வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரை கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை, அந்தக் கடனும் 2025-26 வரை என்று அறிவித்ததுதான். இதெல்லாம் தனி ஆளுக்குச் சிரமம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்தால் சமவெளியில் 300 பேர் வேண்டும், ஆளுக்கு 2,000 ரூபாய் வரை பங்குத்தொகைக்கு அரசு ஈடு கொடுக்கும். எங்கள் பக்கம் இருக்கும் நிறுவனத்தில் நானும் உறுப்பினர். ஏற்றுமதிக்காரர் தனி விவசாயியிடம் பேசும் விலைக்கும், பத்து டன் கையில் வைத்திருக்கும் கூட்டத்திடம் பேசும் விலைக்கும் எட்டு, பத்து ரூபாய் வித்தியாசம் இருப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

கடைசியாக ஒன்று. சாம்பிள் எடுக்க ஆள் வரும்போது நீங்கள் கூடவே நடங்கள். எந்த மரத்தில் எடுத்தார் என்று சாக்பீஸில் குறி போட்டு, அதே மரத்தில் இன்னும் இரண்டு காய் பறித்துத் தேதி எழுதி வீட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். 2023இல் அப்படி வைத்திருந்தால், எது டேங்கால் வந்தது, எது காற்றால் வந்தது என்று மரத்துக்கு மரம் எனக்குத் தெரிந்திருக்கும்.